அங்கே ஒண்ணுமில்லீங்க

பொய் சொல்வதில் பிசினை மிஞ்ச அந்தக் கரையோரத்தில் ஆளில்லை. எல்லா விஷயத்திலும் பொய் சொல்கிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. உடைந்த பலகையைக் கொண்டுவந்து "இது தேறுமாண்ணே?" என்று யாராவது கேட்டால், தேறாது என்றால் தேறாது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவான், கேட்டவன் அழுதாலும் சரி. ஒரே ஒரு இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பொய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவனுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவன் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. அலையில் சறுக்கும் பலகைகளைச் சரிசெய்வது அவன் தொழில். மூக்கு நசுங்கியது, வயிற்றில் ஓட்டை விழுந்தது, அடியில் இருக்கும் துடுப்பு பிய்ந்துபோனது என்று எல்லாம் அவன் ஷெட்டுக்கு வரும். கிழிந்த இடத்தில் கண்ணாடி நார்த்துணியை வைத்து, மேலே பிசினை ஊற்றி இறுகவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று திருப்பிக் கொடுப்பான். கையெல்லாம் பிசின், தலைமுடியெல்லாம் பிசின். பேச ஆரம்பித்தால் ஆளை விடவும் மாட்டான். ஆக பெயர் இரண்டு வகையிலும் பொருந்திப்போனது.

அந்தக் கரை லைட் ஹவுஸில் தொடங்கி ஆற்று முகத்தில் முடிகிறது. நடுவில் இருக்கும் கடற்கரைகளைப் பற்றி யார் கேட்டாலும் பிசின் உட்காரவைத்துச் சொல்லுவான். லைட் ஹவுஸ் அடியில் அலை பெரிசு, ஆனால் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரியாமல் இறங்கினால் அப்புறம் கடல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது பள்ளிக்கூடம். அங்கே பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் விழுந்து எழுவார்கள், அதனால் அந்தப் பெயர். ஓட்டல்களும் அங்கேதான். அதற்கடுத்து சலவைக்கல். அலை ஆளைத் தூக்கித் துணி துவைப்பது போல மணலில் அடிக்கும், தோள்பட்டை பத்திரம். இவ்வளவும் சத்தியமான உண்மை.

அதைத் தாண்டி ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் முள்ளுக்காடு இருக்கிறதே, அந்தப் பக்கம் எப்படி என்று கேட்டால்தான் பிசின் முகம் மாறாமல் சொல்வான்: "அங்க ஒண்ணுமில்லீங்க. பாறை, சாக்கடை, போனா அரிப்புதான் மிச்சம்."

அங்கேதான் மாமியார் இருந்தாள்.

தண்ணீருக்கடியில் ஒரு பாறை. அதன் மேல் நீரோட்டம் கொண்டுவந்து படியவைத்த மணல்திட்டு. கடல் வற்றியிருக்க வேண்டும், எங்கோ தொலைவில் அடித்த காற்று அலையைச் சரியான திசையில் தள்ளிவிட வேண்டும். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் அந்தப் பாறை மேல் ஒரு அலை எழுந்து நிற்கும். மற்ற அலைகள் போலத் தடாலென்று மொத்தமாக விழாது. பாயைச் சுருட்டுவது போல ஒரு ஓரத்தில் தொடங்கிச் சுருண்டுகொண்டே போகும். அதன் மேல் ஏறி நின்றவன் பாதிப் பாட்டைப் பாடி முடித்துவிடலாம், அவ்வளவு நீளம். எப்போது நல்ல முகம் காட்டுவாள், எப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். பெயர் வைத்தவன் பிசின்தான்.

அவளைத் தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். பிசின், ஸ்கூல் பஸ் ஓட்டும் அவன் மச்சினன், விளையாட்டு டீச்சர், மருந்துக்கடைக் கம்பவுண்டர். நாலு பேரும் சேர்ந்து அந்த இடத்தைக் கட்டிக்காத்த அழகைச் சொல்லி மாளாது. பலகையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வழியே போகக் கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது. இரண்டும் டீச்சர் போட்ட சட்டம். அங்கே பாம்பு இருக்கிறது என்று அவரே பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். தோல் அரிப்புக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "ஐஸ் பாக்டரிப் பக்கம் குளிச்சீங்களா?" என்று கம்பவுண்டர் கேட்டுக் கேட்டு, அந்தப் பக்கமே போகாதவர்களுக்கும் அரிப்பெடுக்க ஆரம்பித்தது. பிசினும் மச்சினனும் மாதத்துக்கு ஒரு முறை குப்பைமேட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பாதையின் வாசலில் கொட்டுவார்கள். தான் கும்பிடும் இடத்தில் தானே குப்பை கொட்டும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

பிசின் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் ஓட்டல் லாண்டரியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அந்த அறையில் காலையில் விழுந்த சொல் மத்தியானத்துக்குள் ஒவ்வொரு மாடிக்கும் ஏறிவிடும். அதனால் மாமியார் நல்ல முகம் காட்டும் காலைகளில் "சரக்கு வாங்கப் போறேன்" என்று அவனும், "பஸ்ஸுக்கு சர்வீஸ்" என்று அவள் தம்பியும் கிளம்பிவிடுவார்கள். இருபது வருஷமாக ஒரே பெண்ணின் தலையில் இரண்டு பேரும் மிளகாய் அரைத்தார்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டால், பிசினுக்குச் சொந்தமென்று வேறு ஒன்றும் இல்லை. படிப்பு ஏறவில்லை. முதலில் வைத்த கடை மூழ்கியது. பிள்ளை பிறக்கவில்லை. வருஷக்கணக்கில் தண்ணீர் புகுந்து ஒரு காது பாதிதான் கேட்கும். அந்த அலை மேல் நிற்கும் கொஞ்ச நேரம்தான் அவன் தன்னையும் ஒரு ஆளாக மதித்தான். கரைக்கு வந்ததும் மறுபடி பழைய பிசின்தான்.

ஒரு மத்தியானம் வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் துடுப்பு உடைந்த பலகை, தோளில் பை, மூக்கின் நுனியில் சரிந்த கண்ணாடி.

"அண்ணே, இந்தக் கரையில எங்கெங்க அலை ஏறுறாங்க, எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். உங்களைத்தான் கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"என்னைக் கேக்காம யாரைக் கேப்பே? உட்காரும்மா."

"ஒரு திட்டம் வருது, அதுக்காகத்தான்..."

"திட்டம் கிடக்கட்டும். முதல்ல துடுப்பைக் காட்டு."

அவள் சொல்லவந்ததை அவன் சொல்லவிடவில்லை. ஊர் சுற்றுகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடுகிற கூட்டம் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். அப்படிப்பட்ட பத்துப் பேரையாவது அவன் பார்த்து அனுப்பியிருந்தான். துடுப்பை ஒட்டிக்கொண்டே லைட் ஹவுஸைச் சொன்னான், பள்ளிக்கூடத்தைச் சொன்னான், சலவைக்கல்லில் தோள்பட்டை இறங்கிய ஒருவரின் கதையையும் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"அங்க ஒண்ணுமில்லீங்க."

"யாருமே போறதில்லையா?"

"நாய்கூடப் போகாது. நம்பிக்கை இல்லேன்னா வா, காட்டறேன்."

இதுதான் பிசின் செய்த பெரிய கெட்டிக்காரத்தனம். கடல் ஏறியிருக்கும் நேரம், பாறை ஆழத்தில் முங்கியிருக்கும், மாமியார் தலைகாட்ட மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் கூட்டிப்போனான். முள்ளை விலக்கி, தான் கொட்டிய குப்பையைத் தானே தாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தான். அவள் கரையில் நின்று பார்த்தாள். செத்த தண்ணீர், பாசி பிடித்த கல், பிளாஸ்டிக்.

"இங்க ஒரு காலத்துலயாவது அலை ஏறியிருக்காங்களா?"

"என் ஆயுசுல ஒருத்தனைப் பார்த்ததில்ல" என்றான் பிசின். இருபது வருஷமாக அந்தத் தண்ணீரில் அவன் கண்ட ஒவ்வொரு காலையும் அந்த வாக்கியத்தோடு போயிற்று.

அவள் கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்க்கிறவள் மாதிரிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவன் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான்.

சில மாதம் கழித்து மச்சினன் பஸ்ஸை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"மாமா, மாமியார்கிட்ட கொடி நட்டிருக்காங்க. சிவப்புக் கொடி. பாறை மேலயே!"

என்ன ஏது என்று விசாரித்தபோது தெரிந்தது, மீன்பிடிப் படகுகள் ஒதுங்கக் கடலுக்குள் கல் சுவர் கட்டப் போகிறார்கள். நெடுநாள் கோரிக்கை அது. போன புயலில் எத்தனை படகுகள் உடைந்தன என்று எல்லாருக்கும் தெரியும். சுவர் வேண்டாம் என்று சொல்ல பிசினுக்கே வாய் வராது. ஆனால் சுவர் வந்தால் அலை அந்தப் பாறைக்கு வந்துசேராது, மணலும் படியாது. பாறையின் பாதி சுவருக்கு அடியிலேயே போய்விடும். மாமியாரின் கதை முடிந்தது.

சமூகக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாலு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் இன்ஜினியர், பக்கத்தில் அந்தக் கண்ணாடிப் பெண். அவளைப் பார்த்ததும் பிசின் முன்வரிசை ஆளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

இன்ஜினியர் நல்ல மனிதர்தான். பொறுமையாக விளக்கினார். "சுவரைப் பள்ளிக்கூடம் பக்கம் வைக்கறதாத்தான் முதல்ல இருந்துச்சு. ஆனா அங்க தினமும் அத்தனை பேர் அலை ஏறுறாங்க, அதைக் கெடுக்கக் கூடாதுன்னு மேடம் ஆய்வு பண்ணிச் சொன்னாங்க. அதனால யாருமே பயன்படுத்தாத இடமாப் பார்த்து ஐஸ் பாக்டரிக்குப் பின்னால மாத்தியிருக்கோம். நாங்களா முடிவு பண்ணல. உள்ளூர்ல அலை ஏறுறவங்களையே கேட்டோம். எல்லாரும் ஒரே குரல்ல, அங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

எல்லாரும் என்ற சொல் பிசினுக்குப் பாதிக் காதிலும் நன்றாகவே விழுந்தது. திரும்பிப் பார்த்தான். மச்சினன் தரையைப் பார்த்தான். கம்பவுண்டர் வாட்ச்சைப் பார்த்தார். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் டீச்சர்தான் முதலில் பேசினார்.

"என்கிட்ட ஸ்கூலுக்கே வந்து கேட்டா. பாம்பு இருக்குன்னு சொன்னேன்."

"நான் ஒரு களிம்பையே கையில குடுத்து அனுப்பினேன்" என்றார் கம்பவுண்டர்.

"பஸ்ஸை மறிச்சு வழி கேட்டா மாமா. அப்படி ஒரு பாதையே கிடையாதுன்னுட்டேன்" என்றான் மச்சினன்.

தான் ஒருவன்தான் கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோயிருந்த பிசினுக்கு இதைக் கேட்டு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒருவர் செய்த தப்பு என்றால் அவரைத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். நாலு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், அத்தனை விசுவாசமாக ஒரே குழியைத் தோண்டியிருந்தார்கள். மச்சினன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் நாலு பேரும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனார்கள். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், மின்விசிறி கீச்சிடும் அறையில் இருந்தாள். பிசின் நடந்ததையெல்லாம் கொட்டினான். பாறை, மணல், பாய் சுருளுவது, இருபது வருஷம், குப்பை. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"அலைகளைக் காப்பாத்தத்தாண்ணே நான் வந்தேன். என் வேலையே அதுதான்."

"தெரியாமப் போச்சும்மா."

"சொல்ல வந்தேன். நீங்க விடல." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுருக்கென்றது. "ரெண்டு இடமும் வேணும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, லைட் ஹவுஸுக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொல்லியிருப்பேன். அதுக்கு இடம் இருந்துச்சு. இப்ப கல்லு எடுக்க ஆளே விட்டாச்சு."

"இப்ப மாத்தவே முடியாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஏதாவது ஆதாரம் இருக்கா? ஒரு போட்டோ? வீடியோ?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அப்படியும் கைவிடவில்லை. இன்ஜினியரிடம் மன்றாடி ஒரு காலை நேரம் வாங்கினாள். வந்து பாருங்கள், ஒரே ஒரு அலை கண்ணால் பார்த்தால் போதும். கடல் வற்றும் நேரமாகப் பார்த்து பிசின்தான் நாள் சொன்னான். வற்றும் நேரத்தை யாரும் சொல்லிவிடலாம். தொலைதூரக் காற்றை யார் வரச்சொல்ல முடியும்? அந்த இன்ஜினியருக்கு இருந்தது அந்த ஒரு வாரம்தான், அதில் இருப்பதிலேயே தேவலாம் என்று பட்ட நாளைக் குத்துமதிப்பாகச் சொன்னான்.

முந்தின நாளே போய் நாலு பேரும் குப்பையை அள்ளினார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்தது, மாளவில்லை. இன்ஜினியர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முள்ளுக்குள் நடந்துவந்தார். உதவியாளர் ஒருவர் குடை பிடித்தார். நாலு பேரும் துவைத்த சட்டையில் கரையில் நின்றார்கள். கடல் துடைத்துவிட்ட தரை போலக் கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார், இப்ப எழும்புவா" என்றான் பிசின்.

பொறுத்தார்கள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பலகையோடு உள்ளே போய்ப் பாறைக்கு மேலே உட்கார்ந்துகொண்டார், தன்னைப் பார்த்தாவது அவள் வரட்டும் என்பதுபோல. வெயில் ஏறியது. முழங்காலை நனைக்கும் உயரத்தில் ஒன்று வந்து, பாறையைத் தடவிவிட்டுப் போனது.

"இதுவா?" என்றார் உதவியாளர். "இதைவிடப் பெரிசா எங்க வீட்டுத் தொட்டியில வரும்."

பிசின் கையெடுத்துக் கும்பிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அவளைப் புகழ்ந்து பேசினான். இப்படி வருவாள், இந்தப் பக்கம் திரும்புவாள், உள்ளே கூடுமாதிரி இருக்கும், வெளிச்சம் பச்சையாக விழும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பேசப் பேசத் தனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. இத்தனை நாள் சொன்ன பொய் எவ்வளவு உண்மையாக இருந்தது, இன்றைக்குச் சொல்லும் உண்மை இப்படிப் பல்லிளிக்கிறதே என்று ஆட்டிய கையைக் கீழே போட்டான்.

இன்ஜினியர் அவன் தோளில் கைவைத்தார். "நான் நம்பறேங்க. சத்தியமா நம்பறேன். ஆனா என் நம்பிக்கையைக் காட்டி வேலையை நிறுத்த முடியாதே."

கல் லாரிகள் வர ஆரம்பித்தன. முள்ளுக்காட்டை ஒரே நாளில் வழித்தெடுத்துச் சாலை போட்டார்கள். இனி யார் வேண்டுமானாலும் காரிலேயே வந்து இறங்கலாம். சுவர் நாளுக்கு நாள் கடலுக்குள் நீண்டது. பிசின் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். ஷெட்டில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்த்து முடித்ததை மறுபடி தேய்த்தான். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

சுவர் பாறையைத் தொட இன்னும் கொஞ்ச தூரமே இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை மச்சினனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, வந்துட்டா! இப்படி நான் பார்த்ததே இல்ல. ஓடி வா!"

பிசின் அப்போதுதான் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பிசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கலந்திருந்தான். கலந்துவிட்டால் கலந்ததுதான், கையை எடுக்க முடியாது. விட்டால் கிண்ணத்திலேயே கல்லாகி, துணி விரித்து வைத்த பலகையும் பாழ். அதுவும் ஊரான் பலகை. ஒட்டி முடிப்பதற்குள் கடல் ஏறிவிடும். ஒரு நிமிஷம் கிண்ணத்தைப் பார்த்தான், ஒரு நிமிஷம் போனைப் பார்த்தான்.

"நாளைக்கும் இருப்பாளா?"

"இருப்பா மாமா, இன்னும் ரெண்டு நாள் தாங்கும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, லாரியும் வராது."

"அப்ப நாளைக்கு வர்றேன்."

அன்றைக்கு அந்த மூன்று பேரும் ஆடிய ஆட்டத்தை லாரி டிரைவர்கள் சுவர் மேல் வரிசையாக நின்று பார்த்தார்களாம். ஹார்ன் அடித்தார்களாம். இருபது வருஷத்தில் மாமியாருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். டிரைவர்களில் ஒருவர் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. கண்ணாடிப் பெண் கேட்ட ஆதாரம் அதுதான், சுவரை இனி நிறுத்த முடியாத நேரத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிசின் பலகையோடு போய் இறங்கியபோது முதலில் வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தான். கார்கள், ஸ்கூட்டர்கள், குடைகள், குழந்தைகள். பள்ளிக்கூடத்தில் விழுந்து எழும் அத்தனை பேரும் இங்கே. ஓட்டல் விருந்தாளிகள் வாடகைப் பலகையோடு. சுவர் மேல் ஒரு கூட்டம், கரையில் ஒரு கூட்டம். தண்ணீரில் எத்தனை தலைகள் என்று எண்ண முடியாது. அவள் வந்துகொண்டிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, அதே பாறையில் எழுந்து, அதே மாதிரிச் சுருண்டு, யார் எவர் என்று பார்க்காமல்.

உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். அவன் இடம் என்று அங்கே ஒன்றும் இல்லை. முதல் அலைக்குக் கையைப் போட்டபோது முன்னால் ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். இரண்டாவதில் ஒருவனுடைய பலகை அவன் விலாவில் இடித்தது. விட்டுக்கொடுத்தான். வரிசையில் வரட்டும் என்று காத்திருந்தான். வரிசையே இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பலகை மேல் குப்புறப் படுத்தபடியே ஒரு அலையில் போய், திரும்பிவந்து, தெரியாத ஆளான இவனைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, எவ்வளவு நல்லா இருக்கு! இதை ஏன் யாருமே சொல்லல?"

பிசினுக்கு அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாக உறைத்தது. இந்தத் தலைகள்தான். இத்தனை வருஷம் குப்பை கொட்டி, பாம்பு விட்டு, அரிப்பு மருந்து கொடுத்து விரட்டினானே, இந்தத் தலைகள் இங்கே இருந்திருந்தால் ஒரு கல்கூட விழுந்திருக்காது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது வேறு எதுவும் இல்லை, கூட்டம்தான். அவளுக்கு இருந்த ஒரே காவலை அவன் தன் கையாலேயே துரத்தியிருந்தான். தண்ணீரில் உட்கார்ந்தபடி அழுதான். முகமெல்லாம் உப்புத்தண்ணீர்தான், யாருக்கும் தெரியவில்லை.

கடல் ஏற ஆரம்பித்தது. அலைகள் தணிந்தன. கடைசியாக ஒன்று நல்லபடியாக எழும்பியது, அவனுக்கு நேராக. கையை வீசி நாலு இழுப்பு இழுத்தான். பலகை தூக்கியது, எழுந்து நிற்கப் போனான். குறுக்கே ஒரு வாடகைப் பலகை, அதன் மேல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். மோதினால் அந்த ஆள் பாறையில் அடிபடுவார். பிசின் பின்வாங்கினான். அலை அவனை விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு பாறை மேல் ஒன்றும் வரவில்லை.

கரைக்கு வந்தபோது அவன் மனைவி மணலில் நின்றுகொண்டிருந்தாள். லாண்டரியில் எல்லாரும் வீடியோவைக் காட்டினார்களாம், அதில் தன் தம்பியைப் பார்த்துத் திகைத்துப்போய் வந்திருந்தாள். புருஷன் பலகையோடு தண்ணீரிலிருந்து ஏறிவருவதைப் பார்த்ததும் மீதியும் புரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்து நின்றான். அவள் திட்டவில்லை. தோள் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"இதுதானா உன் சரக்கு?"

"ம்."

"எவ்வளவு அழகா இருக்கு. நான் கூட வந்திருப்பேனே. ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்திருப்பேன், உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

அவன் சுவர்ப் பக்கம் பார்த்தான். சுவரின் நுனியில் மறுநாளைக்கான கற்கள் குவிந்திருந்தன. அவள் அதைப் பார்க்கவே இல்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல உன்னைக் கண்டுபிடிக்கவே முடியல. ஒண்ணாவது ஏறினியா?"

"இல்ல."

"போகுது விடு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் லீவு போடறேன். சீக்கிரமே வந்து முன்னாடி இடம் பிடிச்சுடலாம். நீ ஏறு, நான் பார்க்கறேன்."

நாளைக் காலை முதல் லாரி வரும் என்பதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே கல் மட்டும்தான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. சுவர் வருவது ஊருக்கே தெரியும், அது இந்தப் பாறை மேலேயே வருகிறது என்று அவன் சொன்னதில்லையே. சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு ஆசையை அந்த முகத்தில் அவன் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

"சரி, வருவோம்" என்றான்.